வீட்டுக் கிரயம்: முன்பணத்திற்கு முன் மூன்று வினாக்கள்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

ஒரு நெசவாளி தம் ஆயுளில் நூற்றுக்கணக்கான பாவுகளைத் தறியில் ஏற்றி இறக்குகிறார். ஒரு விவசாயி நாற்பது, ஐம்பது வெள்ளாமை காண்கிறார். ஒருமுறை பிழை நேர்ந்தால் மறுமுறை திருத்திக்கொள்ள இருவருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் வீடு வாங்குவதும் விற்பதும் இவர்கள் வாழ்வில் பெரும்பாலும் ஒரே ஒருமுறை நிகழ்பவை. அங்கே மறுமுறை என்பது இல்லை. ஆகவே தொழிலைப் பற்றிய பாடங்களுக்கிடையே வீட்டுக் கிரயத்தைப் பற்றியும் ஒரு பாடம் வேண்டுமெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

ஆரணி, பரமக்குடி, அருப்புக்கோட்டை, சென்னிமலை போன்ற ஊர்களை நகரம் என்பதா, கிராமம் என்பதா? தறியோசை கேட்கும் தெருவைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் வயலோ தோட்டமோ வந்துவிடும். இத்தகைய ஊர்களில் வீடு விற்பனை விளம்பரத்தால் நடப்பது அரிது. தேநீர்க் கடையிலும், சங்கத் திண்ணையிலும், உறவினர் வீட்டு விசேஷத்திலும் பேச்சு ஆரம்பமாகிறது. விற்பவரை வாங்குபவர் முன்பே அறிவார். அவர் தகப்பனாரையும் அறிவார். இப்பழக்கம் நல்லதே. ஆனால், "நமக்குத் தெரிந்த மனிதர்தாமே" என்ற எண்ணம் விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் கேடு விளைகிறது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கடன் நிலுவைகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். தவணை தவறாத ஓர் அங்கத்தினர் திடீரென மூன்று மாதம் பாக்கி வைத்திருந்தார். காரணம் அறிய அவர் வீட்டிற்கே சென்றோம். இரண்டு தறிக்குழிகள் உள்ள வீடு அது. ஒன்றில் தறி இருந்தது. மற்றொன்று பலகையிட்டு மூடப்பட்டிருந்தது.

அவர் கூறிய விவரம் இது. முப்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் நெய்தவர். மனைவி தார் சுற்றிச் சேர்த்த பணம், நகை ஈடு, வாங்கிய கடன் எல்லாம் சேர்த்து 2016-ஆம் ஆண்டில் 9 லட்சம் ரூபாய்க்கு அந்த வீட்டை வாங்கினார். விற்றவர்கள் பனியன் வேலைக்காகத் திருப்பூருக்குக் குடிபெயர்ந்த அண்ணன் தம்பி இருவர். அவர்கள் தகப்பனார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் 1984-இல் வாங்கிய வீடு அது. அவர் 2009-இல் உயில் ஏதும் எழுதாமல் காலமானார். மனைவி அவருக்கு முன்பே இறந்துவிட்டார்.

நம் அங்கத்தினர் கவனக்குறைவானவர் அல்லர். தாய்ப்பத்திரத்தைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்தார். அதில் ஓர் அடமானமும் இல்லை. பட்டா அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் மாறியிருந்தது. வீட்டுவரி ரசீது ஒழுங்காக இருந்தது. முறைப்படி பத்திரம் பதிவாயிற்று. ஐந்தாண்டுகள் சென்றபின் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. வழக்குத் தொடுத்தவர் அவ்விரு சகோதரர்களின் உடன்பிறந்த தங்கை. வெளியூரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். தகப்பனார் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு தமக்குரியது என்பது அவர் வழக்கு.

அவர் கூறியது சட்டப்படி சரியே. ஒருவர் தமக்கு இல்லாததை விற்க முடியாது. சகோதரர்கள் இருவருக்கும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. நம் அங்கத்தினர் விலை கொடுத்து வாங்கியதும் அவ்வளவே. முடிவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டது. பழைய விலையிலேயே கணக்கிட்டு 3 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, அந்தப் பெண் தம் பங்கைக் கிரயம் செய்து கொடுத்தார். அத்தொகைக்காக ஒரு தறி விற்கப்பட்டது. மகனின் படிப்பு ஓராண்டு தள்ளிப்போயிற்று. சகோதரர்கள் பெற்ற பணம் எப்போதோ செலவாகிவிட்டது.

சமரசத்தின்போது அப்பெண் சொன்னதாக நம் அங்கத்தினர் கூறிய வார்த்தை நம் நினைவில் இன்றும் இருக்கிறது: "அண்ணன்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். கேட்கவேயில்லை."

பத்திரம் எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?

எல்லாத் தாள்களும் சரியாயிருந்தும் பிழை எங்கே நேர்ந்தது? இதுவே இப்பாடத்தின் மையம்.

வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை போன்றவை பதிவானால் அதில் வரும். ஆனால் மனிதர் இறப்பதைப் பதிவு அலுவலகத்தில் யாரும் பத்திரமாக எழுதுவதில்லை. தகப்பனார் இறந்த அந்தக் கணத்திலேயே மகனுக்கும் மகளுக்கும் பங்கு உண்டாகிவிடுகிறது. அதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. ஆகவே "வில்லங்கம் இல்லை" என்ற சான்றுக்குப் பொருள், "பதிவான வில்லங்கம் இல்லை" என்பதே. பதிவாகாத உயில், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு, கடனுக்காக மூலப் பத்திரத்தை ஒப்படைத்து வைத்திருக்கும் ஏற்பாடு முதலியனவும் அதில் காணப்படாமல் போகலாம்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. நிலவரியும் அனுபவமும் யார் பெயரில் உள்ளன என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் பட்டா ஒருவர் பெயரில் இருப்பதனாலேயே பிறர் பங்கு அழிந்துவிடாது. வீட்டுவரி ரசீதும், மின் இணைப்பு அட்டையும் இன்னும் ஒரு படி கீழானவை. பத்திரப் பதிவு நடந்துவிட்டதாலேயே உரிமைக்கு அரசு உத்தரவாதம் அளித்துவிட்டதாக எண்ணுவதும் தவறு.

ஆகவே, தாள்களைப் புரட்டுவதற்கு முன் மூன்று வினாக்களை மனத்தில் நிறுத்த வேண்டும். யார் விற்கிறார்? எதை விற்கிறார்? அதன்மேல் வேறு யாருக்கு என்ன பாத்தியம்?

முதல் வினா: யார் விற்கிறார்?

விற்பவருக்குச் சொத்து எவ்விதம் வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். அவரே விலைக்கு வாங்கியதாயின் விசாரணை சுலபம். தகப்பனார் வழியில் வந்ததாயின் மூன்று தாள்கள் வேண்டும்: தகப்பனாரின் மூலப் பத்திரம், இறப்புச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று. மூன்றாவது தாளைக் கேட்காமல் விட்டதே நம் அங்கத்தினர் செய்த ஒரே பிழை. அதில் மணமான மகளின் பெயரும் இடம்பெறும்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் தம் சுயார்ஜித சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோர் சம பங்கு பெறுவர். உதாரணமாக, இறந்தவருக்குத் தாயார், மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் இருப்பின் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. தாயாரை மறந்துவிடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நிகழும் பிழை. அவருக்கு முன்பே இறந்துவிட்ட மகனோ மகளோ உண்டாயின், அவர்களுடைய குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தின் நிலை சற்று வேறு. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்கு மகனுக்குரிய பங்கை அளித்தது. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அவ்வுரிமையைத் தந்தது. அத்திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 திசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினையையும் கிரயத்தையும் அத்திருத்தம் கலைப்பதில்லை. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் வேறு. அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

"தங்கச்சிக்குக் கல்யாணத்தின்போதே சீர் செய்து முடித்தாயிற்று" என்று சகோதரர் கூறுவதுண்டு. சீர்வரிசை அன்பின் அடையாளம். அது விடுதலைப் பத்திரம் ஆகாது. மகள் பங்கு வேண்டாமென மனமுவந்து கூறினால், அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாகப் பெற வேண்டும். அல்லது கிரயப் பத்திரத்திலேயே அவரும் கையொப்பமிட வேண்டும்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இந்துக் குடும்பத்தில் தாயோ தகப்பனோ மைனரின் வீட்டையோ நிலத்தையோ விற்பதற்கு நீதிமன்ற அனுமதி பெற வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதி இல்லாத கிரயத்தை, அப்பிள்ளை வயது வந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட்டு ரத்து செய்யலாம்.

விற்பவர் நேரில் வராமல் அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் வந்தால், அப்பத்திரம் பதிவானதா, எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, பின்னர் அதனை ரத்து செய்துள்ளாரா என்று பார்க்க வேண்டும். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும். கிரயப் பத்திரத்திற்குப் பதிலாக அதிகாரப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் குடியேறுவோரும் உளர். அதனால் சொத்துரிமை மாறாது என 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இரண்டாம் வினா: எதை விற்கிறார்?

கிராமமாயிருந்த இடம் நகராட்சி எல்லைக்குள் வரும்போது சர்வே எண் மாறுகிறது. பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண்ணும், புதிய பதிவேட்டில் நகர சர்வே எண்ணும் இருக்கும். நத்தம் புறம்போக்கில் தலைமுறைகளாகக் குடியிருந்தோர்க்குப் பின்னர் நத்தம் பட்டா வழங்கப்பட்டபோதும் தனி எண் வந்தது. இரு எண்களும் ஒரே இடத்தையே குறிக்கின்றனவா என்று வருவாய் அலுவலகத்தில் தெளிந்துகொண்டு, இரு எண்களுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும். புதிய எண்ணுக்கு மட்டும் பார்ப்பது பாதிக் கதையைப் படிப்பதற்குச் சமம்.

அடுத்தது அளவு. பழைய பத்திரம் அடிக்கணக்கிலும், பட்டா ஹெக்டேர் அல்லது சதுர மீட்டரிலும், ஊர்ப்பேச்சு சென்டிலும் நடக்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 10.76 சதுர அடி. ஒரு பத்திரத்தில் கிழமேல் 24 அடி, தென்வடல் 60 அடி என்றிருப்பதாகக் கொள்வோம். பரப்பு 1,440 சதுர அடி. அதாவது சுமார் 3.3 சென்ட், அல்லது 133.8 சதுர மீட்டர். நகர அளவைப் பதிவேட்டில் 128 சதுர மீட்டர் என்று கண்டால் 62 சதுர அடி குறைகிறது. 60 அடி நீளத்தில் அது ஓரடி அகலம். அந்த ஓரடி பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போயிருக்கலாம்; அல்லது பழைய அளவே பிழையாயிருக்கலாம். எதுவாயினும் முன்பணத்திற்கு முன் நில அளவையாளரைக் கொண்டு அளந்து பார்ப்பதே முறை.

நான்கெல்லையையும் நேரில் நின்று ஒப்பிட வேண்டும். "மேற்கே இன்னார் வீடு" என்று நாற்பதாண்டுகளுக்கு முன் எழுதியது இன்று யார் கையில் உள்ளது? நடுச்சுவர் பொதுவா, தனியா? கொல்லைக்குப் போகும் சந்து யாருக்குரியது? கிணற்றில் பாதி உரிமை என்றால் அதற்குச் செல்ல வழி எழுதப்பட்டுள்ளதா? வாய்மொழியாக அனுபவித்துவந்த வழி, வீடு கைமாறும்போது தகராறாக முளைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

நெசவாளிக்கு வீடே தொழிற்கூடமும் ஆகும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறுகிறதா என்பதைக் கோடையில் பார்த்து அறிய முடியாது; அண்டை வீட்டாரைக் கேட்டே அறிய வேண்டும். தெருவில் பாவு விரித்து நெய்யும் வழக்கமுள்ள ஊராயின் தெருவின் நீளமும், அங்கு வாகனப் போக்குவரத்தும் விலையில் ஒரு பகுதி. விவசாயியாயின் வண்டியும் மாடும் கொல்லைக்குள் நுழைய இடமுண்டா என்று காண வேண்டும்.

வீடாக இல்லாமல் ஊர்ப்புறத்து மனையாக வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்ததனாலேயே அது வீட்டுமனை ஆகாது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. மனைப்பிரிவின் அங்கீகார எண்ணையோ, வரன்முறை ஆணையையோ கேளாமல் பணம் கொடுக்கலாகாது. நிலத்தை மனையாக்கி விற்க விரும்பும் விவசாயிக்கும் இவ்விதி பொருந்தும்.

மூன்றாம் வினா: வேறு யாருக்கு என்ன பாத்தியம்?

மூலப் பத்திரத்தைக் கண்ணால் காண வேண்டும், நகல் போதாது. மூலம் வங்கியிலோ சங்கத்திலோ இருப்பதாகக் கூறினால், அங்கேயே சென்று பாக்கித் தொகையை எழுத்து மூலமாகப் பெற வேண்டும். தொலைந்துவிட்டது என்று கூறினால், காவல் நிலையத்தில் கொடுத்த புகார், பத்திரிகை அறிவிப்பு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். தொலைந்ததாகச் சொல்லப்படும் பத்திரம் கடன் கொடுத்தவர் பெட்டியில் உறங்குவதும் உண்டு.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் மூலம் கட்டிய வீடுகளையும் நெசவாளர் குடியிருப்புகளையும் வாங்குவோர், ஒதுக்கீட்டு ஆணையைக் கண்டு ஏமாறலாகாது. ஒதுக்கீடு வேறு, கிரயம் வேறு. சங்கத்தின் தவணை முழுவதும் தீர்ந்ததா, சங்கம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று சங்கத்திலேயே விசாரிக்க வேண்டும்.

வீட்டில் வாடகைக்கோ ஒத்திக்கோ குடியிருப்பவர் இருந்தால் அவரையும் நேரில் கண்டு பேச வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் ஒத்தித் தொகை கொடுத்து உட்கார்ந்திருப்பவர், வீடு விலையானதும் தம் பணத்திற்காக வெளியேற மறுப்பார். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றின் பாக்கியையும் அன்றே தெரிந்துகொள்ளலாம்.

உடன்படிக்கையும் பணமும்

இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தபின்னரே முன்பணம். விலை உடன்படிக்கையும் அதிகாரப் பத்திரமும் பதிவு செய்யப்பட வேண்டுமென்பது தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. உடன்படிக்கையில் மொத்த விலை, முன்பணம், காலக்கெடு, எல்லா வாரிசுகளின் கையொப்பம் ஆகியவை இருத்தல் அவசியம். உடன்படிக்கை வீட்டை நமதாக்கிவிடாது. கிரயம் கேட்கும் உரிமையை மட்டுமே தரும். அவ்வுரிமையைக் கோரி வழக்கிடுவதற்கும் மூன்று ஆண்டுகளே தவணை.

பணத்தை வங்கி மூலமே கொடுக்க வேண்டும். வீடு நிலம் தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கலாகாது என்பது 2015 ஜூன் முதல் வருமானவரி விதி. வங்கிக் கணக்கைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

செலவையும் முன்கூட்டியே கணக்கிடுக. 2023-ஆம் ஆண்டு மாற்றத்திற்குப் பின் தமிழ்நாட்டில் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்ந்து 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்கிடப்படும். 9 லட்ச ரூபாய் வீட்டிற்கு 81,000 ரூபாய் ஆகும். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும் என 2025 ஏப்ரல் முதல் சலுகை உள்ளது. மேற்படி வீட்டிற்கு 9,000 ரூபாய் மிச்சம். தார் சுற்றியும் களை எடுத்தும் வீட்டுப் பணத்தில் பாதியைச் சேர்த்தவர் பெயரில் வீடு இருப்பது, சலுகை இல்லாவிடினும் நியாயமே.

விற்போர்க்குச் சில சொற்கள்

விற்பவர் ஏமாற்றுபவர் என்று நாம் கருதவில்லை. நாம் கூறிய நிகழ்ச்சியில் சகோதரர்களும் வஞ்சகர் அல்லர். ஊர் வழக்கப்படி நடந்தவர்களே. ஆனால் அவ்வழக்கம் ஒரு நெசவாளியின் தறியையும், ஒரு தங்கையின் உறவையும் விலையாகக் கேட்டது. ஆகவே விலை பேசுமுன் உடன்பிறந்தாரைக் கூட்டிப் பேசுக. வாரிசுச் சான்றைத் தாமே எடுத்து வைத்துக்கொள்க. வெற்றுத் தாளிலோ, படித்துக் காட்டாத பத்திரத்திலோ கையொப்பமிட வேண்டாம். முழுத்தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டபின் பத்திரத்தில் கையெழுத்திடுக. தீர்வையைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்தெழுத இசைய வேண்டாம்; தகராறு எழுந்தால் எழுதிய தொகைக்கே ஆதாரம் உண்டு.

சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு வாங்கச் சேமிப்பு நிதியையோ கடனையோ கேட்டு வரும் அங்கத்தினரிடம், "வாரிசுச் சான்று பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டிக் கருத்துப் பெறவும் சொல்லுங்கள். அதற்காகும் கட்டணம், பின்னால் வரும் வழக்குச் செலவின் முன் மிகச் சிறியது.

அந்த அங்கத்தினர் இப்போது தவணையை ஒழுங்காகச் செலுத்தி வருகிறார். மூடிய குழியில் இன்னும் தறி ஏறவில்லை. வீடு மட்டும் முழுவதும் அவருடையது.

சங்கக் கூட்டத்தில் விவாதிப்பதற்கு

1. வில்லங்கச் சான்றில் தெரியாத பாத்தியங்கள் எவை?

2. ஒருவர் தம் சுயார்ஜித வீட்டிற்கு உயில் எழுதாமல் காலமானார். மனைவி, தாயார், இரு மகன்கள், மணமான ஒரு மகள் உள்ளனர். வீட்டை விற்க யார் யார் கையொப்பமிட வேண்டும்? ஒவ்வொருவர் பங்கு எவ்வளவு?

3. கிழமேல் 20 அடி, தென்வடல் 54 அடி மனை எத்தனை சென்ட்? எத்தனை சதுர மீட்டர்?

4. உங்கள் ஊரில் கிராம சர்வே எண் நகர சர்வே எண்ணாக மாறியுள்ளதா? உங்கள் வீட்டின் இரு எண்களையும் அறிவீர்களா?